மாருதி 800-இல் ஷாக் மவுண்ட் துருப்பிடித்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டில் 1998 மாடல் மாருதி 800 ஒன்று இருக்கிறது. அப்பா வாங்கியது. தூத்துக்குடியை விட்டு அதிகம் வெளியே போகாமல் உப்புக்காற்றிலேயே ஊறிய வண்டி. 2023 தொடக்கத்தில் ஆர்.சி. (பதிவுச் சான்று) புதுப்பிக்க எஃப்.சி. (தகுதிச் சோதனை) காட்ட வேண்டி வந்தபோது அடியில் புகுந்து பார்த்தால், முன்பக்க வலது ஷாக் (குலுக்கலைத் தாங்கும் ஷாக் அப்சார்பர்) உட்காரும் இடம் அரித்துக் கிடந்தது. வெட்டி, தகடு வைத்து, வெல்டு அடித்து மீட்டோம். வெல்டிங் முழுக்க எங்கள் டிங்கர் (பாடித் தகட்டு வேலை பார்ப்பவர்) அண்ணாச்சி கை. கழற்றுவது, சுரண்டுவது, அளப்பது, பெயின்ட் அடிப்பது எல்லாம் என் கை. அப்போதிருந்து பழைய 800, ஆம்னி, ஜென் வைத்திருப்பவர்கள் போன் போட்டுக் கேட்கும் கேள்விகள் ஒரே மாதிரி இருப்பதால் மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

ஷாக் மவுண்ட் என்றால் எது? கடையில் 'மவுண்ட்' என்று கேட்டால் ரப்பர் ஒன்றைத் தருகிறார்களே?

அது வேறு. கடைக்காரர் தருவது ஷாக்கின் தலையில் உட்காரும் ரப்பரும் பேரிங்கும். அது போனால் ஸ்டீயரிங் திருப்பும்போது 'கடக் கடக்' என்று சத்தம் வரும், புதுசு மாட்டினால் முடிந்தது. நான் சொல்வது அந்த ரப்பர் போய் உட்காரும் பாடியின் தகட்டை. பானட்டைத் திறந்தால் இரண்டு பக்கமும் கவிழ்த்து வைத்த கிண்ணம் மாதிரி தெரிகிறதே, அதுவும் அதைச் சுற்றியுள்ள ஏப்ரானும், அதாவது சக்கரத்துக்கும் இன்ஜினுக்கும் நடுவில் நிற்கும் பக்கத் தகடும்.

800-க்கு லாரி மாதிரி அடியில் தனிச் சட்டம் கிடையாது. பாடிதான் எல்லாம். முன்பக்கம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட், அதாவது ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒரே தூணாக நிற்கும் அமைப்பு. அந்தத் தூணின் கால் லோயர் ஆர்மில் (சக்கரத்தைக் கீழே பாடியோடு சேர்க்கும் கை), தலை இந்தக் கிண்ணத்தில். முன்சக்கரத்தின் மேல் வரும் எடை, பள்ளத்தில் விழும்போது வரும் குத்து எல்லாம் அந்தக் கிண்ணத்தின் வழியாகத்தான் பாடிக்குப் போகிறது. பிரேக் பிடிக்கும்போதும் வளைவில் திரும்பும்போதும் வரும் தள்ளலில் ஒரு பங்கும் அங்கேதான் வந்து சேர்கிறது. ஆக, கதவு அடியில் துரு வந்தால் வண்டி அசிங்கமாகும், இங்கே வந்தால் சக்கரம் பிடிமானம் இழக்கும்.

ஏன் சரியாக அந்த இடத்தில் பிடிக்கிறது?

அங்கே தகடு ஒற்றை இல்லை. பலம் வேண்டும் என்று இரண்டு மூன்று தகடுகளை ஒன்றின் மேல் ஒன்று வைத்து ஸ்பாட் வெல்டு (புள்ளி புள்ளியாக ஒட்டும் வெல்டு) அடித்திருப்பார்கள். இரண்டு தகடுக்கு நடுவில் மயிரிழை அளவு இடைவெளி இருக்கும், பெயின்ட் உள்ளே முழுசாகப் போயிருக்காது, தண்ணீர் மட்டும் போகும். கீழே இருந்து சக்கரம் சேற்றை வாரி அடிக்க, அது மூலைகளில் அப்பிக்கொண்டு வாரக்கணக்கில் காயாமல் இருக்கும். மேலே இருந்து, கண்ணாடிக்குக் கீழே உள்ள பள்ளத்தில் வேப்பிலைச் சருகு சேர்ந்து வடிகால் ஓட்டையை அடைத்துவிட்டால் மழைத்தண்ணீர் போக வேண்டிய வழியை விட்டு ஏப்ரானில் ஒழுகும். பேட்டரி அமிலம் சிந்தியிருந்தால் அது தனிக்கதை.

எங்கள் ஊரில் இதோடு உப்பு. உப்பு விளைச்சலில் குஜராத்துக்கு அடுத்தது தமிழ்நாடு, அதில் பெரும்பங்கு எங்கள் பக்கம்தான். ஈர உப்பு ஏற்றிய லாரி சொட்டிக்கொண்டே போகும் ரோட்டில் பின்னால் போனால் வண்டியின் அடிவயிற்றுக்கு உப்புக் குளியல் இலவசம். ஐப்பசி மாதத்தில் அடுக்களை உப்பு ஜாடியைத் திறந்து பாருங்கள், மழை பெய்யாத நாளிலும் கசகசவென்று நீர் விட்டிருக்கும். தகட்டு இடுக்கில் போன உப்பும் அதையேதான் செய்கிறது. காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு ராத்திரி பகலாக அரிக்கிறது. துரு வேறு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், அதனால் உள்ளேயே உப்பி இரண்டு தகட்டையும் பிரித்துத் தள்ளும். பிரிந்த இடத்தில் இன்னும் தண்ணீர்.

வெளியே பெயின்ட் நன்றாக இருக்கிறது. உள்ளே இருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

முதலில் பானட்டைத் திறந்து கிண்ணத்தின் ஓரத்தை விரலால் தடவுங்கள். கொப்புளம், வெடித்த சீலர் (இணைப்பை அடைக்கும் பசை), தகடு லேசாக உப்பிய மடிப்பு தட்டுப்படும். பிறகு ஒரு சின்னக் காந்தத்தை ஓட்டிப் பாருங்கள். ஓர் இடத்தில் பிடிக்காமல் வழுக்கினால் அடியில் பட்டி (பள்ளம் நிரப்பும் மாவு) இருக்கிறது என்று அர்த்தம், யாரோ முன்பே மூடி மறைத்திருக்கிறார்கள்.

அப்புறம் சக்கரத்தைக் கழற்றி, ஸ்டாண்டில் நிறுத்தி, கீழே இருந்து பார்க்க வேண்டும். ஜாக்கியில் மட்டும் நிற்கிற வண்டிக்கு அடியில் தலையைக் கொடுக்காதீர்கள், துருப்பிடித்த வண்டியில் ஜாக்கி வைக்கும் இடமே நொறுங்கலாம். சேற்றைக் கழுவிக் காயவிட்டு, சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு 'டங்' என்று பதில் சொல்லும், செத்த தகடு 'தொப்' என்று அமுங்கும். சந்தேகமான இடத்தில் பழைய ஸ்க்ரூ டிரைவரை வைத்து நன்றாக அழுத்துங்கள். பாவம் பார்க்காதீர்கள். ஸ்க்ரூ டிரைவருக்கே வழிவிடும் தகடு ரோட்டுப் பள்ளத்துக்கு என்ன பதில் சொல்லும்?

ஓட்டத்தில் தெரியும் அறிகுறிகளும் உண்டு. ஒரு பக்கம் பானட் இடைவெளி அகலமாவது, அலைன்மெண்ட் பார்த்து ஒரு மாதத்தில் மறுபடி ஒரு பக்கம் இழுப்பது, டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்வது. ஒருவரை ஸ்டீயரிங்கைத் திருப்பச் சொல்லிவிட்டு நீங்கள் கிண்ணத்தின் மேல் கையை வைத்துப் பாருங்கள். நடுவில் ரப்பர் அசையலாம். சுற்றியுள்ள தகடு அசையக் கூடாது.

800-இல் வேறு எங்கெல்லாம் பார்க்க வேண்டும்?

ஸ்டெபிலைசர் பார் பிராக்கெட். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். 800-இல் அந்தக் கம்பி வண்டி சாயாமல் தடுப்பதோடு நிற்காமல் லோயர் ஆர்மை முன்னும் பின்னும் போகாமல் பிடித்துக்கொள்ளவும் செய்கிறது. அது பாடியில் மாட்டியிருக்கும் இடம் அரித்தால் பிரேக் போடும்போது சக்கரம் பின்னால் நகரும். அதோடு லோயர் ஆர்ம் உள்பக்கம் சேருமிடம், பின்பக்கம் டிக்கிக்குள் ஷாக் மேல் நட்டு வரும் இடம், பின் ஆர்ம்கள் பாடியில் சேரும் பிராக்கெட்டுகள். டிக்கி கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்க்காமல் பழைய 800 எதையும் வாங்காதீர்கள்.

துரு தெரிந்த பிறகு, வேலை செய்யும்வரை மெதுவாக ஓட்டிக்கொள்ளலாமா?

மேல்துரு, தகடு கெட்டியாக இருக்கிறது என்றால் ஓட்டலாம், அடுத்த மழைக்குள் கவனித்துவிடுங்கள். ஓட்டை விழுந்துவிட்டது, தகடு பிரிந்துவிட்டது, ஷாக் நட்டுகளைச் சுற்றி விரிசல் தெரிகிறது என்றால் கூடாது. பட்டறைவரைகூட டோ வண்டியில் கொண்டுபோங்கள். நாற்பதில் போகிறேன், ஐம்பதில் போகிறேன் என்கிறார்கள். குழிக்குள் இறங்கும் சக்கரம் மீட்டரைப் பார்த்துவிட்டு இறங்குவதில்லை.

பட்டி வைத்துத் தேய்த்து பெயின்ட் அடித்தால் போதும் என்கிறார் டிங்கர். சரிதானா?

இல்லை. எங்கள் வண்டியில் இதேதான் நடந்திருந்தது, அதனால் கொஞ்சம் கோபத்தோடே சொல்கிறேன். நாங்கள் சுரண்ட ஆரம்பித்தபோது முதலில் வந்தது கறுப்புத் தார், அதற்குக் கீழே விரல் கனத்துக்கு பட்டி, பட்டிக்கு அடியில் ஃபைபர் துணி, துணிக்குப் பின்னால் கசங்கிய செய்தித்தாள். தாளில் பாதிப் பஞ்சாங்கம் படிக்கிற நிலையில் இருந்தது. சில வருடம் முன்பு ஒரு பட்டறையில் 'அண்டர் கோட்டிங்' என்று பணம் வாங்கிச் செய்த வேலை அது. பட்டி என்பது மேடுபள்ளத்தைச் சமன்செய்யும் மாவு, சுமை தாங்காது. அதைவிட மோசம், பட்டி ஈரத்தை உறிஞ்சிப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஃபைபரும் அப்படித்தான், துருவில் ஒட்டினால் துரு உதிரும்போது கூடவே உதிரும். கதவுக்கு வேண்டுமானால் செய்துகொள்ளுங்கள், சஸ்பென்ஷன் மாட்டும் இடத்தில் பட்டிக்கு வேலையே இல்லை.

ரஸ்ட் கன்வர்ட்டர் அடித்தால்?

மேலோட்டமான துருவுக்கு நல்லது. பாஸ்பாரிக் அமிலம் இருக்கும் வகை துருவை இரும்புப் பாஸ்பேட்டாக மாற்றும். டானிக் அமிலம் இருக்கும் வகை கறுப்பாக்கும். கடுக்காயையும் இரும்பையும் சேர்த்து அந்தக் காலத்தில் மை தயாரித்தார்களே, அதே சமாச்சாரம்தான் டப்பாவில் வருகிறது. ஆனால் மை தடவினால் போன தகடு திரும்பி வருமா? கனம் குறைந்த தகடு குறைந்ததுதான். தவிர, இரண்டு தகட்டுக்கு இடையில் உள்ள துருவுக்கு அது போய்ச் சேர்வதே இல்லை. உதிரும் துருவை எல்லாம் கம்பி பிரஷ்ஷால் எடுத்துவிட்டு, மிச்சம் ஒட்டியிருக்கும் சிவப்புத் துருவுக்கு மட்டும் அடியுங்கள்.

நீங்கள் செய்த வேலையை வரிசையாகச் சொல்லுங்கள்.

வெட்டுவதற்கு முன்னால் அளவு. இதை எத்தனை தடவை சொன்னாலும் போதாது. வெட்டின பிறகு கிண்ணம் எங்கே இருந்தது என்று யாருக்கும் தெரியாது, ஐந்து மில்லிமீட்டர் உள்ளே தள்ளி வெல்டு அடித்துவிட்டால் அந்த வண்டி ஆயுசுக்கும் ஒரு பக்கமாகவே இழுக்கும். பாடி ஷாப்புகளில் இதற்கு ஜிக் (அளவு மாறாமல் பிடித்து வைக்கும் சட்டம்) உண்டு. எங்களிடம் இருந்தது கொத்தனாரிடம் இரவல் வாங்கிய தூக்குக் குண்டு. வண்டியைச் சமதளத்தில் நான்கு ஸ்டாண்டில் நிறுத்தி, இரண்டு பக்கக் கிண்ணத்தின் நட்டுத் துளைகளிலிருந்தும் குண்டைத் தொங்கவிட்டு சிமெண்ட் தரையில் சாக்பீஸால் குறித்தோம். இரண்டு கிண்ணத்துக்கும் இடையே உள்ள தூரம், வலது கிண்ணத்திலிருந்து இடது கதவுக் கீல் வரை, இடதிலிருந்து வலது கீல் வரை, தரையிலிருந்து உயரம் என்று எல்லாவற்றையும் டேப்பால் அளந்து சுவரிலேயே எழுதினோம். அந்தச் சுவரை நான் இன்னும் வெள்ளையடிக்கவில்லை. அப்புறம் ஒரு கோண இரும்பை இரண்டு கிண்ணத்துக்கும் குறுக்கே போல்ட் போட்டு முறுக்கி, வேலை முடியும்வரை அசையாமல் வைத்தோம்.

அடுத்து கழற்றல். சக்கரம், பிரேக் ஹோஸ் கிளிப், ஸ்ட்ரட்டின் கீழ் போல்ட் இரண்டு, கடைசியாக மேலே ஓரத்து நட்டுகள். நடுவில் இருக்கும் பெரிய நட்டைத் தொடவே தொடாதீர்கள். அது ஸ்பிரிங்கை அமுக்கி வைத்திருக்கிறது, ஸ்பிரிங் கம்ப்ரஸர் (ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவி) போடாமல் கழற்றினால் ஸ்பிரிங் முகத்தில் அடிக்கும். துருவேறிய நட்டுகளுக்கு முதல் நாள் ராத்திரியே ஆயில் விட்டு ஊறவிட்டோம்.

பிறகு சுரண்டல், ஒரு முழு நாள். வெளியே தெரிந்தது ஐந்து ரூபாய்க் காசு அளவு ஓட்டை. கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டி ஓட்ட ஓட்ட அது பெரிசாகிக்கொண்டே போனது. மேல்தகட்டை வெட்டித் திறந்தால் உள்தகடு வெங்காயச் சருகு மாதிரி படலம் படலமாக உரிந்தது. பளபளவென்று வெள்ளை இரும்பு தெரியும் வரை வெட்டு என்றார் அண்ணாச்சி. முடிந்தபோது என் உள்ளங்கை தாராளமாக உள்ளே போனது. எல்லாருக்கும் கை நடுங்குவது இங்கேதான். இவ்வளவு வெட்ட வேண்டுமா, கொஞ்சம் விட்டுவிடலாமே என்று மனசு பேரம் பேசும். விட்டீர்களென்றால் மெல்லிய தகட்டில் வெல்டு நிற்காது, ஓட்டை விழும், அதை அடைக்க இன்னொரு ஓட்டை விழும்.

தகட்டுக்கு மாதிரி வெட்ட கெட்டி அட்டை வேண்டும். வீட்டில் கிடந்த கல்யாணப் பத்திரிகை அட்டைகள் கச்சிதமாக வளைந்து கொடுத்தன. அட்டையை வைத்து மடித்துப் பார்த்து, பொருந்தியதும் தகட்டில் வரைந்து வெட்டி, பழைய பேரிங் ரேஸ் (பேரிங்கின் இரும்பு வளையம்) ஒன்றின் மேல் வைத்துத் தட்டிக் குழிவு எடுத்தோம். மூலைகளை வட்டமாக வெட்டுங்கள். கூர்மூலை இருந்தால் விரிசல் அங்கேதான் பிறக்கும்.

முதலில் உள்தகடு, அது நின்ற பிறகு வெளித்தகடு. நல்ல தகட்டின் மேல் இரண்டு இரண்டரை சென்டிமீட்டர் ஏறி உட்கார வைத்து, ஓரத்தில் வரிசையாக 8 மில்லிமீட்டர் துளை போட்டு, துளை வழியாக அடித்தகட்டோடு சேர்த்து வெல்டால் நிரப்பினார் அண்ணாச்சி. கம்பெனி ஸ்பாட் வெல்டு செய்கிற வேலையை இது செய்யும். விளிம்பை அதன் பிறகு சின்னச் சின்ன டாக் ஆக, அதாவது துளித்துளி வெல்டாக. ஒரே மூச்சில் இழுக்கக் கூடாது. சக்கர நட்டு முறுக்குகிற மாதிரி இங்கே ஒன்று, எதிர்ப்பக்கம் ஒன்று, கை வைத்தால் சுடாத அளவு ஆறின பிறகு அடுத்தது. இடையில் நான் அவசரப்படுத்தினேன், ஒரே இடத்தில் மூன்று டாக் சேர்ந்து விழுந்தது, தகடு பூரி மாதிரி உப்பிவிட்டது. அதைத் தட்டிச் சரிசெய்ய அரை நாள். அண்ணாச்சி ஒன்றும் சொல்லவில்லை, என்னை டீ வாங்கி வர அனுப்பினார்.

ஒவ்வொரு கட்டத்திலும் ஸ்ட்ரட்டை மாட்டிப் பார்த்து, தூக்குக் குண்டைத் தொங்கவிட்டுத் தரைக் குறியோடு ஒத்துப் பார்த்தோம்.

கேஸ் வெல்டிங்கா, ஆர்க்கா, சி.ஓ.டூ-வா?

சி.ஓ.டூ, அதாவது மிக். 0.8 மில்லிமீட்டர் கம்பி போதும். கேஸ் வெல்டிங்கில் கைதேர்ந்த பழைய டிங்கர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் அதில் சூடு அகலமாகப் பரவும், தகடு கோணும், பின்பக்கத்துப் பெயின்ட் எல்லாம் வெந்து அங்கே புதுத் துரு ஆரம்பிக்கும். இரும்பு கேட்டுக்கு அடிக்கிற ஆர்க் மெஷினை மெல்லிய தகட்டில் வைத்தால் பொசுக்கிவிடும். பித்தளை வைத்து ஒட்டுவதை இந்த இடத்துக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள்.

டிங்கரின் கை எப்படி என்று தெரிய ஒரு வழி: அதே கனத் தகட்டில் இரண்டு துண்டை வெல்டு அடிக்கச் சொல்லி, வைஸில் பிடித்துச் சுத்தியலால் மடக்கிப் பிரியுங்கள். தகடு கிழிந்தால் நல்ல வெல்டு. வெல்டு பெயர்ந்து வந்தால் வேறு பட்டறை பாருங்கள்.

என்ன கனத்தில் தகடு? தடிமனாகப் போட்டால் இன்னும் பலம்தானே?

சி.ஆர். தகடு (குளிர்நிலையில் உருட்டிய இரும்புத் தகடு), ஏப்ரானுக்கு 18 கேஜ், கிண்ணத்துக்கு 16 கேஜ் போட்டோம். 18 என்றால் 1.2 மில்லிமீட்டர், 16 என்றால் 1.6. உங்கள் வண்டியில் அரிக்காத இடத்தை வெர்னியரில் அளந்து அதற்கு ஈடாகப் போடுங்கள். மூன்று மில்லிமீட்டர் பிளேட்டை அப்படியே மேலே ஒட்டுவது வீரம் மாதிரி தெரியும், நடப்பது வேறு. பிளேட் அசையாது, அதன் விளிம்பை ஒட்டிய மெல்லிய தகடு மட்டும் திரும்பத் திரும்ப வளைந்து அங்கேயே கிழியும். ஜி.ஐ. தகடு (துத்தநாகம் பூசியது) துருப்பிடிக்காதே என்று கேட்பார்கள். வெல்டு அடிக்கும் இடத்தில் துத்தநாகம் எரிந்து புகையாகும், சுவாசித்தால் ராத்திரி குளிர்காய்ச்சல் வரும், வெல்டும் நுரைத்துப் போகும்.

வெல்டு அடிக்கும்போது தீப்பிடிக்காதா?

பிடிக்கும், கவனிக்காவிட்டால். பேட்டரி வயர் இரண்டையும் கழற்றுங்கள். 2000-க்குப் பிறகு வந்த எம்.பி.எஃப்.ஐ. (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் பெட்ரோல் பீய்ச்சும்) வண்டி என்றால் கம்ப்யூட்டர் பிளக்கையும், ஆல்டர்நேட்டர் இணைப்பையும். பெட்ரோல் குழாய், பிரேக் குழாய் பக்கத்தில் போகிறதா பார்த்து நகர்த்துங்கள். தகட்டுக்கு மறுபக்கம் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் டார்ச்சைத் தொடக் கூடாது. சீட்டுப் பஞ்சு, வயர் கட்டு, தார் எல்லாம் மறுபக்கத்தில்தான் இருக்கும். தார் எரிந்தால் அணைப்பது பெரும்பாடு. ஒரு தீயணைப்பான், ஒரு வாளி தண்ணீர், கூட ஓர் ஆள். முடிந்ததும் அரை மணி நேரம் அங்கேயே இருங்கள், பூட்டிவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. சில பிரேக் கிளீனர் ஸ்பிரேக்களில் குளோரின் கலந்த கரைப்பான் இருக்கும். அதை அடித்துத் துடைத்த இடத்தில் வெல்டு பட்டால் பாஸ்ஜீன் என்ற நச்சுவாயு வரும். தின்னரால் துடைத்து, முழுசாகக் காயவிட்டு அடியுங்கள்.

சென்னை புதுப்பேட்டையில் பழைய ஏப்ரான் கிடைக்கிறதாமே, அதை வெட்டி ஒட்டலாமா?

அரிப்பு பெரிசாக இருந்தால் அதுவே நல்ல வழி. கம்பெனி வளைவு அப்படியே கிடைக்கும். ஆனால் வாங்கும்போது துருவை மட்டும் பார்க்காதீர்கள், அது அடிபட்டு நிமிர்த்தின துண்டா என்றும் பாருங்கள். மடிப்புகளில் சுத்தியல் தழும்பு, இரண்டாவது பெயின்ட் இருந்தால் வேண்டாம். கடற்கரை ஊர் வண்டியைவிட கடலுக்குத் தள்ளி உள்ள கோவை, சேலம் வண்டியின் துண்டு கிடைத்தால் அதிர்ஷ்டம். எதை வெட்டினாலும் உங்கள் வண்டியின் சேஸிஸ் நம்பர் பொறித்த தகட்டில் கை வைக்காதீர்கள், அப்புறம் ஆர்.டி.ஓ. ஆபீஸில் பதில் சொல்லி மாளாது.

வெல்டிங் முடிந்ததும் ரெட் ஆக்சைடு அடித்தால் போதுமா?

ரெட் ஆக்சைடு அடிப்பூச்சுதான், அதன் வழியாக ஈரம் இறங்கும். நாங்கள் செய்தது: ஒன்றின் மேல் ஒன்று உட்காரும் முகங்களுக்கு வெல்டிங்குக்கு முன்பே ஜிங்க் பிரைமர், வெல்டுக்குப் பிறகு எபாக்ஸி பிரைமர் இரண்டு கோட், எல்லா இணைப்பிலும் சீம் சீலர், அது காய்ந்ததும் பெயின்ட், சக்கரப் பக்கம் மட்டும் ரப்பர் மாதிரி இருக்கும் அண்டர் கோட்டிங். கடைசியில் உள்குழிவுக்குள் நீளக் குழாய் வைத்து மெழுகு ஸ்பிரே. வெல்டின் பின்பக்கம் எரிந்து கிடக்கும், கண்ணுக்குத் தெரியாது, துரு முதலில் திரும்புவது அங்கேதான். வடிகால் ஓட்டைகளை சீலரால் அடைத்துவிடாதீர்கள், எங்கள் ஊரிலேயே அப்படிச் செய்த வண்டி ஒன்று தொட்டி மாதிரி தண்ணீர் பிடித்துக்கொண்டு அலைகிறது.

பழைய இன்ஜின் ஆயிலை அடியில் அடிப்பது நல்லதாமே?

ரப்பர் புஷ் எல்லாம் ஊறிக் கெட்டுப்போகும், புழுதி அப்பும், ரோட்டில் சொட்டும், பிரேக்கில் பட்டால் வேறு வம்பு. தாத்தா காலத்து லாரிப் பழக்கம். நான் செய்வதில்லை.

அலைன்மெண்ட் கண்டிப்பாகப் பார்க்க வேண்டுமா?

கண்டிப்பாக. அதுதான் வேலைக்குத் தேர்வு முடிவு. 800-இல் டோ (சக்கரத்தின் முன்பக்கம் உள்ளே, வெளியே திரும்பியிருக்கும் அளவு) மட்டும்தான் திருகிச் சரிசெய்ய முடியும். கேம்பரும் (சக்கரத்தின் தலை உள்ளே, வெளியே சாயும் அளவு) கேஸ்டரும் (ஸ்ட்ரட் முன்பின் சாயும் அளவு) பாடி எங்கே நிற்கிறதோ அதைப் பொறுத்தது. அதனால் பிரிண்டைக் கேட்டு வாங்கி, இடது வலது கேம்பரை ஒப்பிடுங்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் கிண்ணம் இடத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் விலகியிருந்தால், அங்கே இருக்கும் பையன் ஸ்ட்ரட்டை வளைத்துச் சரிசெய்துவிடலாம் என்பான். வேண்டாம், மறுபடி பட்டறைக்கே போங்கள்.

என்னுடையது ஆம்னி. பின்பக்கம் பட்டை (லீஃப் ஸ்பிரிங்). அதற்கும் இதே முறைதானா?

முறை ஒன்றுதான், இடம் வேறு. பட்டையின் முன்முனை மாட்டும் பிராக்கெட்டும் பின்னால் ஷாக்கிள் (பட்டையின் பின்முனையைப் பிடிக்கும் ஆடும் இணைப்பு) தொங்கும் இடமும்தான் அரிக்கும். பின்ஆக்ஸிலை இழுத்துப் பிடிப்பதே பட்டையின் முன்முனைதான், அது பிடுங்கிக்கொண்டால் வண்டி நண்டு மாதிரி பக்கவாட்டில் ஓடும். பிராக்கெட் மட்டும் கெட்டியாக இருந்து அது ஒட்டியிருக்கும் பாடி உதிர்ந்திருப்பது சகஜம், ஆகவே பிராக்கெட்டை மட்டும் தட்டிப் பார்த்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். பின்ஆக்ஸில் முன்பின் நகராதபடி இரண்டு பக்கமும் ஒரே அளவு வைத்து அடிக்க வேண்டும்.

எஃப்.சி.-யில் பிரச்சினை வருமா?

சொந்த வண்டிக்கு 15 வருடத்துக்குப் பிறகு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் காருக்கான கட்டணம் 600-இலிருந்து 5,000 ரூபாய் ஆனது. கட்டணத்தைக் கட்டுவதற்கு முன்னால் அடியைப் பாருங்கள் என்பதுதான் நான் சொல்வது. எங்களுக்கு வெல்டிங்கைப் பற்றி யாரும் ஒன்றும் கேட்கவில்லை. வெட்டும் முன்பு, வெட்டின பின்பு, அடைத்த பின்பு எடுத்த போட்டோக்களைக் கையில் வைத்திருந்தேன், விற்கும்போதும் அவை உதவும்.

இவ்வளவு செலவு செய்ய அந்த வண்டிக்கு மதிப்பு இருக்கிறதா?

தகடும் பெயின்டும் பெரிய காசில்லை, கூலிதான். கழற்றிச் சுரண்டுவதை நீங்களே செய்தால் பாதி மிச்சம். கணக்குப் போட்டால் கட்டுப்படியாகாது என்பதும் உண்மை. 800 தயாரிப்பே 2014-இல் நின்றுவிட்டது. கிண்ணம், ஏப்ரான், தளம், கதவுக்கு அடியில் ஓடும் சைடு உருட்டு எல்லாம் ஒன்றாகப் போன வண்டியை நான் மீட்கச் சொல்ல மாட்டேன், அதற்கு வேறு பாடியே பார்க்கலாம். ஒரு மவுண்ட், இரண்டு மவுண்ட் என்றால் தாராளமாகச் செய்யலாம். அம்மாவுக்கு ஓட்டத் தெரிந்த ஒரே கார் இது என்பதும் எங்கள் கணக்கில் இருந்தது.

செய்த வேலை எத்தனை வருடம் தாங்கும்?

2023 டிசம்பர் வெள்ளத்தைத் தாங்கியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அந்த வெள்ளம். வண்டி இரண்டு நாள் தண்ணீரில் நின்றது. வடிந்ததும் செய்த முதல் வேலை, வடிகால் ஓட்டைகளில் குழாய் வைத்து நல்ல தண்ணீர் விட்டு உள்சேற்றை வெளியே தள்ளி, ஒரு வாரம் வெயிலில் காயவிட்டு மறுபடி மெழுகு அடித்தது. அதிலிருந்து ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் சக்கரத்தைக் கழற்றிக் கழுவித் தட்டிப் பார்க்கிறேன். வலது பக்கம் இன்னும் 'டங்' என்றுதான் சொல்கிறது. இடது பக்கம் கிண்ணத்து ஓரத்தில் போன வாரம் மிளகு அளவுக்கு ஒரு கொப்புளம் பார்த்தேன். தூக்குக் குண்டுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன், கொத்தனார் இப்போது கையில் இருக்கும் வீட்டு வேலை முடிந்ததும் தருவதாகச் சொன்னார்.